புளி போட்டுத் துலக்கிய இருநூற்றுப் பன்னிரண்டு கோதுகள்

1

எங்கள் வீட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு வெற்றுக் கோதுகள் இருந்தன. துவக்குக் கோதுகள், சுட்ட பிறகு மிஞ்சும் பித்தளைக் கூடுகள். ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் இந்த இடத்தில் ஒரு தடவை நிமிர்ந்து வாசற்பக்கம் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். பதற வேண்டாம். இது லண்டன், சட்டன் பகுதி. கோதுகள் குசினிக்குப் பின்னால் உள்ள சலவை அறையில், இரண்டு ஐஸ்கிறீம் பெட்டிகளில், மூடி போட்டு, யாரும் பார்க்கக்கூடிய இடத்தில்தான் இருந்தன. வெற்றுக் கோது வைத்திருக்க இங்கே யாருடைய அனுமதியும் தேவையில்லை. இதை நான் மூன்று தடவை சரிபார்த்திருக்கிறேன்.

கோதுகள் என் மகள் மைதிலியுடையவை. அவள் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளர். ஒரு ரைபிள் கழகத்திலும் உறுப்பினர். விடுமுறை நாட்களில் சரே பக்கம் உள்ள சுடுதளத்துக்குப் போய், புல்லில் குப்புறப் படுத்து, அறுநூறு யார்ட் தள்ளி நிற்கும் கடதாசி வட்டத்தைச் சுடுவாள். அவளிடம் ஒரு துவக்கும் அதற்குப் பொலிஸ் கொடுத்த அனுமதியும் இருக்கின்றன. கலியாணம் செய்து, அது சரிவராமல், மூன்று வருடத்துக்கு முதல் எங்களோடு வந்து இருக்கத் தொடங்கியவள். வரும்போது இரண்டு பெட்டி உடுப்பும் ஒரு இரும்பு அலுமாரியும் கொண்டுவந்தாள். அலுமாரி எதற்கென்று அன்றைக்கு நாங்கள் கேட்கவில்லை.

தோர்ண்டன் ஹீத்தில் மரக்கறிக் கடையில் ஊர்க்காரர் ஒருவர் முருங்கைக்காய் தெரிந்துகொண்டே கேட்டார்.

"மாஸ்ரர், பிள்ளை துவக்கு வச்சிருக்கிறாவாம், உண்மையே?"

"ஓம்."

"துவக்குக்குப் பயந்துதானே நாங்கள் எல்லாரும் வெளிக்கிட்டனாங்கள்."

இந்த வசனத்தை இதுவரை பதினேழு பேர் எனக்குச் சொல்லிவிட்டார்கள். பதினெட்டாவது ஆளாக நானே அதைச் சொல்லப் போவதில்லை.

2

துவக்கு வைக்கும் அந்த அலுமாரி எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு, முகவரி மாறியதற்காகப் பொலிஸில் இருந்து ஒருவர் பார்க்க வந்தார். சீருடை இல்லை. குளிருக்குப் போடும் சாதாரண மேலங்கி. முதல்நாளே நான் எல்லாவற்றையும் ஆயத்தமாக வைத்திருந்தேன்: எங்கள் மூவருடைய கடவுச்சீட்டு, பிரஜாவுரிமைப் பத்திரம், கவுன்சில் வரி கட்டிய துண்டுகள், என்னுடைய பென்சன் கடிதம், ஊரில் நான் இரசாயனம் படிப்பித்த பாடசாலையின் சான்றிதழ். அவர் எதையும் தொடவில்லை. நேரே மேலே போய், அலுமாரி சுவரில் எத்தனை ஆணியால் பூட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்தார். நான்கு. ஒவ்வொன்றையும் ஆட்டிப் பார்த்தார். அப்போதே அவர் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது.

பிறகு கீழே வந்து, உங்களுக்கு ஏதும் கவலைகள் உண்டா என்று என்னைக் கேட்டார். பொலிஸ்காரர் ஒருவர் கேள்வி கேட்டதும் வாய் தன்பாட்டில் வேலைசெய்யத் தொடங்கிவிட்டது. முழுப்பெயர், தகப்பன் பெயர், கிராமம், அடையாள அட்டை இலக்கம் என்று ஒப்புவித்தேன். கிராம அலுவலரான விதானையின் பெயரையும் சொல்ல ஆயத்தமானபோது மைதிலி என் கையைப் பிடித்தாள்.

அவர் கடைசியாக ஒன்று கேட்டார். அலுமாரிச் சாவி எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா?

"தெரியாது" என்றேன்.

"மிகவும் நல்லது" என்றார். அனுமதி உள்ளவளைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியக் கூடாதாம்.

பொலிஸுக்குத் தெரியாது என்று சொல்லி, அதற்காகப் பாராட்டு வாங்கியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அன்றிலிருந்து அந்தத் தெரியாமையைக் கவனமாகக் காப்பாற்றி வருகிறேன். அவள் மேலே சாவி எடுக்கப் போகும் நேரங்களில் நான் குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடுவேன். சத்தத்தை வைத்துக்கூட இடத்தை ஊகிக்கக் கூடாது.

3

கோது ஏன் சேர்க்கிறாள் என்று சொல்ல வேண்டும். சுட்டவுடன் குண்டு போய்விடும், வெடிமருந்து எரிந்துவிடும். பித்தளைக் கோது மிஞ்சும். அதில் மருந்தைப் பற்றவைக்கும் புதிய தீமூட்டி, புதிய மருந்து, புதிய குண்டு வைத்துத் திரும்பப் பாவிக்கலாம். கழகத்தில் போட்டிக்குச் சுடுகிறவர்களில் பலர் தங்கள் தோட்டாவைத் தாங்களே இப்படிச் செய்துகொள்கிறார்கள். கடைத் தோட்டாவை விட அது ஒரே சீராகப் போகுமாம். மருந்தின் அளவு, வகை எதையும் நான் இங்கே எழுதவில்லை. எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் விருப்பமும் இல்லை. தீமூட்டியும் மருந்தும் அனுமதிப் பத்திரம் உள்ளவளின் வேலை. வெற்றுக் கோது மட்டும் என் பக்கம்.

இந்த இருநூற்றுப் பன்னிரண்டும் பழையவை. கழகத்தில் ஒரு வெள்ளைக்கார முதியவர், தோள்மூட்டு போய்விட்டதால் சுடுவதை நிறுத்தியவர், மைதிலிக்கு விற்றார். பெட்டியில் அழகான எழுத்தில், ஒரே ஒரு தடவை சுட்டவை என்று எழுதி ஒட்டியிருந்தார். பொய் சொல்லும் மனிதராகத் தெரியவில்லை. ஆனால் வயதானவர்கள் எதை எந்தப் பெட்டிக்குள் போட்டோம் என்பதில் தவறுவோம். லண்டனுக்கு வந்து, பெற்றோல் செற்றில் கொஞ்சக்காலம் நின்ற பிறகு, ஓய்வு பெறும்வரை நான் வேலை செய்தது குரோய்டன் பக்கம் பித்தளைத் தண்ணீர்க்குழாய்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில். அங்கே என் வேலை, வந்த சாமானைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது. ஒட்டியிருக்கும் துண்டை நம்புகிற பழக்கம் அங்கேயே போய்விட்டது.

கோது ஒவ்வொரு சூட்டிலும் கொஞ்சம் நீளும். நீளும்போது அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே உள்ளே மெலியும். வெளியே பார்த்தால் சில வேளை மெல்லிய வெளிறிய வளையம் தெரியும். பல வேளை ஒன்றும் தெரியாது. அதனால் ஒரு கடதாசிக் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைச் சின்னக் கொழுக்கியாக வளைத்து, உள்ளே விட்டுச் சுவரோடு உரசிக்கொண்டு மேலே இழுக்க வேண்டும். நல்ல கோது வழுக்கிக்கொண்டு வரும். கெட்டது ஓரிடத்தில் கொழுவும். அந்த இடத்தில் ஒருநாள் கோது இரண்டாக அறும். அறுந்தால் நெருப்புக்காற்று முன்னுக்குப் போகாமல் பின்னுக்கு வரும். பின்னால், ஒரு சாண் தள்ளி, சுடுகிறவளின் கண் இருக்கிறது.

யன்னல் வெளிச்சத்தில் இருந்து எல்லாவற்றுக்கும் கம்பி விட்டேன். இருநூற்று மூன்று வழுக்கின. ஒன்பது கொழுவின. ஒன்பதுக்கும் கறுப்பு மார்க்கரால் வளையம் கீறிச் சின்னப் பெட்டியில் போட்டேன்.

"கெட்டதைக் குறட்டாலை நசுக்கிப் போடுங்கோ அப்பா," என்று மைதிலி முன்னமே சொல்லியிருந்தாள்.

நான் நசுக்கவில்லை. தொழிற்சாலையில் எங்களுக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. ஒருவன் கெட்டது என்று ஒதுக்கியதை இன்னொருவன் பார்த்து ஓம் என்று சொல்லும்வரை உடைக்கக் கூடாது. தன் கண்ணை மட்டும் நம்பி யாரும் ஒரு சாமானைக் கொல்லக் கூடாது என்று எங்கள் மேற்பார்வையாளர் சொல்லுவார். மைதிலி பார்த்து ஓம் சொல்லட்டும் என்று வைத்திருந்தேன். அவளுக்கு அந்தக் கிழமை வியாழன் தவிர மற்ற நாளெல்லாம் ஷிப்ட்.

4

கோது எண்ணுவது எனக்குப் புதிது அல்ல.

ஊரில் ஒருதடவை எங்கள் வளவுக்குள்ளால் இராணுவம் சுட்டுக்கொண்டு போனது. நாங்கள் கட்டிலுக்குக் கீழே கிடந்தோம். அவர்கள் போன பிறகு எழும்பிப் பார்த்தால், மாமரத்தடியில் இருந்து வேலி வரைக்கும் கோதுகள். இது எவ்வளவு கரைச்சல் என்று அனுபவிக்காதவர்களுக்கு விளங்காது. சுட்டவர்கள் போய்விடுவார்கள். அடுத்த சுற்றிவளைப்புக்கு வேறு ஆட்கள் வருவார்கள். கோதைக் காட்டி, இங்கேயிருந்து யார் சுட்டது என்று வீட்டுக்காரனைக் கேட்பார்கள்.

படியில் நின்று முதலில் எண்ணினேன். முப்பத்தொன்று. பிறகு இறங்கி, மா இலைகளை ஒதுக்கி ஒதுக்கிப் பொறுக்கி, பால்மா ரின்னுக்குள் போட்டேன். மைதிலிக்கு அப்போது நாலு வயது. கோதின் வாயில் உதட்டை வைத்து ஊதினால் விசில் சத்தம் வரும் என்று அயல் வீட்டுப் பிள்ளைகள் அவளுக்குக் காட்டியிருந்தார்கள். அவளைத் தாய் உள்ளே பிடித்து வைத்திருந்தாள். எல்லாம் பொறுக்கி முடிந்து ரின்னைக் கவிழ்த்து எண்ணினேன். முப்பது.

திரும்பவும் தேடினேன். விளக்குமாற்றால் கூட்டினேன். வேலிக்கு அப்பால் போய்ப் பார்த்தேன்.

"ஒண்டுதானே. விடுங்கோ," என்றாள் என் மனுசி.

முப்பதையும் பாழ்பட்ட கக்கூசுக் குழிக்குள் கொட்டினேன். பத்து நாளுக்குள் சுற்றிவளைத்தார்கள். ஒரு சிப்பாய் சப்பாத்தால் மாமரத்தடிச் சருகை மெதுவாகக் கிளறிக்கொண்டு நின்றான். நான் அவனுடைய சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் வரவில்லை. அந்த முப்பத்தோராவது கோது கடைசிவரை கிடைக்கவில்லை. நாங்கள் ஊரை விட்டு வெளிக்கிடும் நாள்வரை, ஒவ்வொரு காவலரணிலும் மைதிலியின் பையை அவர்கள் கவிழ்க்கும்போது, விழும் சாமான்களை நான் எண்ணிக்கொண்டு நிற்பேன்.

5

இனி நடந்ததைச் சொல்கிறேன். கார்த்திகை விளக்கீட்டுக்கு முதல் நாள், வியாழக்கிழமை, எனக்குக் கண் கிளினிக் இருந்தது. அங்கே கண்ணுக்குள் ஏதோ துளி விடுவார்கள். அன்று முழுவதும் எல்லாம் பனிமூட்டம். பக்கத்து வீட்டுக்காரர் என்னைக் காரில் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வந்தார். வந்ததும் சாப்பிட்டுவிட்டுத் திரையை இழுத்து மூடிப் படுத்துவிட்டேன்.

அடுத்த நாள் காலை கண் தெளிந்தது. சலவை அறைக்குப் போனேன். சின்ன ஐஸ்கிறீம் பெட்டிக்குள் விளக்குத் திரிகள் இருந்தன. பெரிய பெட்டி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

"இஞ்சேரும், இதுக்குள்ளை இருந்த கோது எங்கை?"

"எல்லாம் கழுவி வச்சிருக்கிறன். தட்டிலை பாருங்கோ," என்றாள் மனுசி. "விளக்கை விட அதுகள்தான் பளபளக்குது."

பார்த்தேன். அடுப்புத் தட்டு ஒன்றில் பழைய துவாய் விரித்து, கோதுகளை வரிசையாக நிறுத்தி வைத்திருந்தாள். பக்கத்தில் குத்துவிளக்கு, தூக்குவிளக்கு, செம்பு, பஞ்சபாத்திரம். எல்லாம் ஒரே நிறம்.

"இந்தச் சின்னப் பெட்டியிலை இருந்ததையுமோ?"

"பின்னை அதை மட்டும் ஊத்தையா விடுறதே? அதுகளிலை கறுப்பு மை வேறை. தேய்ச்சுத் தேய்ச்சு என்ரை விரல் நொந்துபோச்சு."

"எதாலை தேய்ச்சனீர்? டப்பா மருந்தோ?"

"நான் எப்ப சாமி விளக்குக்கு டப்பா மருந்து பூசினனான்? புளி. புளியும் உப்பும்."

பித்தளை மினுக்கும் டப்பா மருந்துகள் சிலவற்றில் அமோனியா இருக்கும். இறுக்கி அடித்த பித்தளைக்கு அமோனியா ஆகாது. வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே மயிர் போல வெடிக்கும். தொழிற்சாலையில் ஒரு முழுத் தொகுதிக் குழாய் அப்படிப் போனதைக் கண்டிருக்கிறேன். புளி என்றபடியால் பித்தளைக்குப் பழுதில்லை. மனுசி செய்ததில் அவ்வளவும் நல்லது. ஆனால் நல்லதும் கெட்டதும் ஒரே சட்டிக்குள் குளித்து, மை அழிந்து, ஒரே முகத்தோடு நின்றன.

எண்ணினேன். நூற்று அறுபத்தொன்று.

மைதிலிக்குப் போன் எடுத்தேன். மருந்துக்கடையில் நின்றாள்.

"பிள்ளை, தட்டிலை இருந்து கோது எடுத்தனியே?"

"ஓம் அப்பா. நேற்று எனக்கு ஓஃப்தானே. அம்பது லோட் பண்ணிட்டன். வடிவாக் கழுவி அடுக்கியிருந்தியள். தாங்க்ஸ்."

"நான் கழுவேல்லை."

"என்ன? கேக்கேல்லை. இஞ்சை கியூ நிக்குது, பேந்து கதைக்கிறன்."

நூற்று அறுபத்தொன்றும் ஐம்பதும் இருநூற்றுப் பதினொன்று. ஒன்று குறைந்தது.

6

அன்று பகல் முழுவதும் தட்டில் இருந்த நூற்று அறுபத்தொன்றுக்கும் திரும்பக் கம்பி விட்டேன். புளி உள்ளே இருந்த கரியையும் எடுத்துவிட்டபடியால் முன்னரை விட நன்றாகத் தெரிந்தது. ஆறு கொழுவின. மிச்சம் மூன்று கெட்டவை. அவை மேலே அலுமாரிக்குள், மருந்தும் குண்டும் வைத்த ஐம்பதுக்குள் இருக்க வேண்டும். சனிக்கிழமை அவளுக்குப் போட்டி. கழகத்தின் நால்வர் அணியில் அவளை எடுத்தது அதுதான் முதல் தடவை.

பின்னேரம் நாலரைக்கே இருண்டுவிட்டது. மனுசி வாசலில் சிட்டி விளக்குகளும், பின்வளவில் நாலு மூலைக்கும் துணிப் பந்தங்களும் கொளுத்தினாள். காற்றுக்குப் பந்தம் அணைய அணையத் திரும்பக் கொளுத்திக்கொண்டு நின்றாள். அந்த நேரம் மைதிலி வந்தாள். சப்பாத்தைக் கழற்ற முதலே சொன்னேன். அவள் கதிரையில் இருந்து, ஒரு சப்பாத்தோடு, முழுவதையும் கேட்டாள்.

"அப்பா, நான் ஒவ்வொண்டாப் பாத்துத்தான் போட்டனான்."

"வெளியாலை பாத்தனி. கம்பி விட்டனியே?"

"நீங்கள் விட்டாச்செண்டு நினைச்சன். கெட்டதை நசுக்கச் சொன்னனான்தானே."

"நீ பாத்த பிறகு நசுக்கலாம் எண்டு வச்சிருந்தனான்."

"எனக்கு ஏன் பாக்கிறது? நீங்கள்தானே எக்ஸ்பேட்."

"எக்ஸ்பேட்டுக்கும் ரெண்டாவது ஆள் வேணும்."

"கொப்பரிட்டைச் சொல்லு," என்று மனுசி பின்கதவில் நின்று மகளிடம் சொன்னாள், "ஊத்தைச் சாமானை விளக்குக்குப் பக்கத்திலை வச்சால் ஆரும் கழுவத்தான் செய்வினம் எண்டு."

மைதிலி மற்றச் சப்பாத்தைக் கழற்றினாள். "அம்பதிலை மூண்டு. அதுவும் நாளைக்கே அறும் எண்டு இல்லை. அறுந்தாலும் அநேகமாக் கொஞ்சம் காஸ் லீக் ஆகும், அவ்வளவுதான். நான் கண்ணாடி போட்டிருப்பன்."

"அநேகமா," என்றேன்.

"நாலு மாசம் அப்பா. இந்த லோட் சரிவர நாலு மாசம் எடுத்தது. இதை உடைச்சால் நாளைக்கு நான் கடைத் தோட்டாவோடைதான் போகவேணும். என்னாலை மற்ற மூண்டு பேரும் தோப்பினம்."

"தோக்கட்டும்."

"உங்களுக்கு எல்லாத்துக்கும் பயம்."

"ஓம்," என்றேன்.

என் கையில் இன்னும் அந்த வளைந்த கிளிப் இருந்தது. மைதிலி அதைப் பார்த்தாள். பிறகு படியேறினாள். நான் குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்தேன்.

தோட்டாப் பெட்டியும் குண்டு கழற்றும் பிளாஸ்ரிக் சுத்தியலும் கொண்டு இறங்கி வந்தாள். தோட்டாவை அந்தச் சுத்தியலின் தலைக்குள் வைத்துத் தரையில் குத்தினால் குண்டு தனியாக, மருந்து தனியாக வந்துவிடும். மனுசியிடம் பந்தங்களை அணைத்துவிட்டுப் பின்கதவைச் சாத்தச் சொன்னாள். விளக்கீட்டு நாளில் விளக்கை அணைப்பது கூடாது என்று மனுசி முணுமுணுத்தாள்; ஆனாலும் அணைத்தாள். வாசல் விளக்குகளும் சாமி அறை விளக்கும் மட்டும் எரிந்தன. மைதிலி சாமி அறைக் கதவையும் மூடினாள்.

அனுமதி என்னிடம் இல்லாதபடியால் நான் ஒன்றையும் தொடக் கூடாது. இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தேன். அவள் குத்துவாள், மருந்தைக் கொட்டுவாள், கம்பியை விடுவாள், மெதுவாக இழுப்பாள், நல்லது என்பாள். நான் எண்ணுவேன். என் விரலில் ஒன்றும் தெரியாது. அவளுடைய விரலுக்குத் தெரிவதை அவளுடைய முகத்தில் பார்க்க வேண்டும். இத்தனை வருடத்தில் நான் செய்த சோதனைகளில் இதுதான் கஷ்டமானது.

பதினேழாவதில் அவளுடைய கை நின்றது.

"கொழுவுது."

"இன்னொருக்காப் பார்."

இன்னும் மெதுவாக இழுத்தாள். "கொழுவுது அப்பா." குரல் சின்னதாக இருந்தது. அதை எங்கள் இருவருக்கும் நடுவில் மேசையில் வைத்தாள். முப்பத்தெட்டாவதும் கொழுவியது. அதையும் பக்கத்தில் வைத்தாள். ஐம்பதாவது வழுக்கியது.

"ரெண்டுதான்," என்றாள்.

"மூண்டு இருக்கவேணும்."

"அப்ப நீங்கள் முதல் ஒன்பது எண்டு எண்ணினது பிழையாயிருக்கும்."

"மொத்தமும் ஒண்டு குறையுது. இருநூற்றுப் பதினொண்டுதான் இருக்கு."

இந்த இடத்தில் அவள், ஒண்டுதானே என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. மருந்தையும் குண்டுகளையும் மேலே கொண்டுபோய்ப் பூட்டி, ஐம்பது கோதின் தீமூட்டிகளையும் அங்கேயே கழற்றிவிட்டு வந்து, கைகளைக் கழுவி, "அது எங்கை இருக்கெண்டு எனக்குத் தெரியவேணும்," என்றாள். "தெரியாமல் ஒருநாள் நானே பொறுக்கிப் பெட்டிக்குள்ளை போட்டிடுவன்."

7

சிங்குக்குக் கீழே வளைந்த குழாயைக் கழற்றிப் பார்த்தோம். புளிச்சக்கையும் ஒரு தேக்கரண்டியும் இருந்தன. வக்கியூம் பையைக் கடதாசியில் கொட்டினோம். சலவை இயந்திரத்தை இழுத்தோம். பின்வளவில் போன் வெளிச்சத்தில் பந்தம் நட்ட நாலு மூலையும் பார்த்தோம். மனுசி சோபாவில் இருந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நீங்கள் ஒண்டும் எடுக்கேல்லையே?"

"நான் ஏன் உதை எடுக்கிறன்?"

"எங்கையாவது விழுத்தினீங்களோ?"

"ஒண்டையும் விழுத்தேல்லை. என்ன ரெண்டு பேருக்கும் விசரே? ஒண்டுதானே."

"கொம்மா ஊரிலையும் இதைத்தான் சொன்னவ," என்றேன்.

"எதை?"

தரையில் இருந்தபடியே, வக்கியூம் தூசிக்குப் பக்கத்தில், முப்பத்தொரு கோதுக் கதையை மைதிலிக்குச் சொன்னேன். முன்னர் ஒருபோதும் சொன்னதில்லை. சிப்பாயின் சப்பாத்து, பால்மா ரின், காவலரணில் அவளுடைய பை எல்லாம். அவள் தூசியை விரலால் கிளறிக்கொண்டு கேட்டாள்.

"அந்த ஒண்டை நான் எடுத்தனானோ?"

"உனக்கு அப்ப நாலு வயசு."

"அப்ப எடுத்திருப்பன்," என்று சிரித்தாள். "ஞாபகம் இல்லை. ஆனால் எடுத்திருப்பன்."

மனுசி எழும்பினாள். "ரெண்டு பேரும் கையைக் கழுவிப்போட்டு வந்து கும்பிடுங்கோ. விளக்கீட்டண்டு நிலத்திலை இருந்து தூசி கிண்டுறியள்."

சாமி அறை என்று சொன்னாலும் அது ஒரு சுவர் அலுமாரி. கதவைத் திறந்தாள். குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. முருகன் படத்துக்கு முன்னால், திருநீற்றுத் தட்டத்துக்குப் பக்கத்தில், ஒரு கோது நின்றது. அதற்குள் ஒரு ஊதுபத்தி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, அரைவாசி எரிந்து சாம்பலை வெளியே கொட்டியிருந்தது. பின்னேரம் அதே இடத்தில் கைகூப்பி நின்றிருக்கிறேன். மனம் முழுக்கத் தட்டில் இருந்தபடியால் முருகனையும் பார்க்கவில்லை, கோதையும் பார்க்கவில்லை.

"நீங்கள் எடுக்கேல்லை எண்டு சொன்னனீங்கள்," என்றாள் மைதிலி.

"நான் எடுக்கேல்லை. சாமிக்கு வச்சனான்."

இரண்டுக்கும் இடையில் மனுசிக்குப் பெரிய வித்தியாசம் இருந்தது. மைதிலி ஊதுபத்தியை எடுத்துத் தாயிடம் கொடுத்துவிட்டு, கோதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தாள். நான் கம்பியை நீட்டினேன். அவள் உள்ளே விட்டு இழுத்தாள். பிறகு என்னிடம் தந்தாள். இது வெறும் கோது, நான் தொடலாம். விட்டு இழுத்தேன். அடியில் இருந்து கொஞ்சம் மேலே, ஒரு பக்கத்தில், கொழுவியது.

"கெட்டது," என்றேன்.

"ஓம்," என்றாள் இரண்டாவது ஆள்.

ஒன்பது. மேசையில் வரிசையாக வைத்தோம். குறடு கொண்டுவந்து எட்டின் வாயையும் நெளித்து நசுக்கினேன். ஒன்பதாவதை எடுக்கும்போது மனுசி குறுக்கே வந்தாள்.

"அதை விடுங்கோ. சாமிக்கு வச்சதை நசுக்கிறதே?"

"இது கெட்டதப்பா. முழுசா விட்டால் பிறகும் ஆரும் கழுவி அடுக்குவினம்," என்றேன்.

"ஆர், நான்தானே? எனக்குச் சொன்னால் அடுக்கமாட்டன். முதலே ஆரும் எனக்குச் சொன்னனீங்களே? தேப்பனும் மகளும் குசுகுசுத்துக்கொண்டு எண்ணிறியள், அளக்கிறியள். நான் என்ன கண்டன், பித்தளை எண்டு கழுவினன்."

அவள் சொன்னது சரி. மார்க்கரால் கறுப்பு வளையம் கீறினால் கெட்டது என்பது எனக்குத் தெரியும், தொழிற்சாலைக்குத் தெரியும். அந்தப் பெட்டி இருந்த அறையில் நாள்முழுக்க வேலைசெய்கிறவளுக்கு நான் சொல்லவில்லை.

மைதிலி என் கையில் இருந்து குறட்டை வாங்கினாள். கோதின் வாயைக் குறட்டுக்குள் கொடுத்து, கொஞ்சமாக, திரும்பக் கொஞ்சமாக அமத்தினாள். வட்டமாக இருந்த வாய் ஒடுங்கி ஒரு கீறல் போல ஆனது. இனி எந்தக் குண்டும் அதற்குள் போகாது. தாயிடம் நீட்டினாள்.

"இப்ப வச்சுப் பாருங்கோ அம்மா."

8

சனிக்கிழமை கடைத் தோட்டாவோடு போனாள். பின்னேரம் வந்தபோது அவர்களுடைய அணிக்கு எத்தனையாவது இடம் என்று மனுசி கேட்டாள். ஏழு அணியில் ஆறாவது. எத்தனை கொண்டுபோனாய், எத்தனை மிச்சம் கொண்டுவந்தாய் என்று நான் கேட்டேன். கணக்குச் சரியாக இருந்தது.

இப்போது பெரிய ஐஸ்கிறீம் பெட்டியில் இருநூற்று மூன்று கோதுகள் இருக்கின்றன. கெட்டதை எந்தக் கையால் எந்தப் பெட்டிக்குள் போட வேண்டும் என்பது வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும். எட்டும் பழைய உலோகம் வாங்குகிறவனிடம் போய்விட்டன. ஒன்பதாவது சாமி அலுமாரியில் நிற்கிறது. முன்னர் ஊதுபத்தி அதற்குள் சாய்ந்துகொண்டு நிற்கும். வாயை ஒடுக்கிய பிறகு நேராக நிற்கிறது. சாம்பலும் தட்டத்துக்குள்ளேயே விழுகிறது.